கொப்பியில் எழுதாத 23 மணி நேரம்

வாசகி கேட்கிறார்:

"டொக்டர், நான் களுவாஞ்சிகுடிப் பக்கத்துக் கணித ஆசிரியை. வயது 29. கடந்த பங்குனியில் நுவரெலியாவிலிருந்து ஒரு மட்டக்குதிரை வாங்கி லொறியில் கொண்டுவந்தேன். செம்மண் நிறம், ஒன்பது வயது, நலமடித்தது. பெயர் செம்பன். நெஞ்சுச் சுற்றளவு 160 சென்ரிமீற்றர், உடல் நீளம் 148. என் எடை 58 கிலோ, சேணம் 6 கிலோ. ஒரு கொப்பியில் இலக்குகளை எழுதி வைத்திருக்கிறேன். 3 மாதத்தில் கென்டர் (நடுத்தர வேகப் பாய்ச்சல்) ஓட்டம், 6 மாதத்தில் கடற்கரையால் கல்லடிப் பாலம் வரை, ஒரு வருடத்தில் 1 மீற்றர் உயரம் தாண்டுதல். ஐந்து மாதம் போய்விட்டது, கென்டரே வரவில்லை. பின்னேரம் மூன்று மணிக்கு ஏறினால் படலையைத் தாண்டமாட்டேன் என்று நிற்கிறான். கொஞ்சம் ஓடினாலும் மூச்சு வாங்குகிறது. ஆனால் முன்னைப்போல் வியர்ப்பதில்லை. பிடரி மயிர் சீப்போடு கழன்று வருகிறது, சொறிவதாகத் தெரியவில்லை. தீனி சீஓ-3 புல், ஆலைத் தவிடு, வேலியில் வெட்டும் இபில் இபில் குழை. காலையும் மாலையும் மணலில் போடுவேன். தனியாகத்தான் தென்னையில் கட்டியிருக்கிறேன். யூடியூப் பார்த்துத்தான் பழகுகிறேன். எனக்குச் சவாரி வராதா? பயிற்சியாளர் ஒருவரைத் தேடவா, விற்றுவிடவா? 'பொம்புளப் புள்ளைக்குக் குதிரை எதுக்கு' என்று ஊரும் கேட்கிறது."

மிருக வைத்தியர் பதில்:

மகள், உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் இலக்குகளை வாசித்துவிட்டுச் சிரித்தேன். இளம் வயதில் நானும் இப்படி ஒரு கொப்பி வைத்திருந்தவன்தான். இரண்டாம் தரம் தீனி பற்றிய அந்த ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி அது. உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அதில்தான் இருக்கிறது.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். பேராதனையில் படித்தவன். வேலையில் பெரும்பகுதி வாவிக்கு மேற்கே படுவான்கரை மாட்டுப் பட்டிகளிலும் எருமைகளுக்குப் பின்னாலும்தான் போனது. ஆரம்ப வருடங்கள் சிலவற்றில் நுவரெலியாவில் பந்தயக் குதிரைகளையும், உல்லாசப் பயணிகளை ஏற்றித் திரிகிற மட்டக்குதிரைகளையும் பார்த்தேன். குதிரை பற்றித் தெரிந்ததெல்லாம் அங்கே உதை வாங்கிக் கற்றது. கடிதத்தைப் பார்த்து நோயை முடிவு செய்ய முடியாது. ஆகவே கீழே சொல்வது எல்லாம் சந்தேகம். உங்கள் பிரதேசத்து மிருக வைத்தியரை ஒரு தரம் வளவுக்குக் கூப்பிட்டு உறுதிப்படுத்த வேண்டியவை.

இபில் இபிலை இன்றைக்கே நிறுத்துங்கள். அதில் மிமோசின் என்று ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது. மாட்டின் முன்வயிற்றில் அதை உடைத்துப் போடுகிற கிருமிகள் இருக்கலாம், அதனால் ஓரளவு சமாளிக்கும். குதிரைக்கு அந்த முன்வயிறே கிடையாது. தின்றது நேரே உடம்பில் சேர்ந்து பிடரி மயிரையும் வால் மயிரையும் கொட்ட வைக்கும். கூடிப்போனால் குளம்பிலும் வளையம் வளையமாகத் தெரியும். நுளம்பு, சிறு பூச்சி கடித்து வருகிற அரிப்பு என்றால் செம்பன் தென்னையில் பிடரியைத் தேய்த்துக்கொண்டே நிற்பான். நீங்கள் "சொறிவதாகத் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தைதான் என்னை இபில் இபில் பக்கம் திருப்பியது. குழையை நிறுத்தினால் மயிர் திரும்ப முளைக்கும். கிளிசரிடியா வேலி இருந்தால் அதையும் அவனுக்கு எட்டாமல் வையுங்கள்.

அடுத்தது தவிடும் சீஓ-3 புல்லும். தனித்தனியே கேட்டால் இரண்டும் நல்ல தீனி போலத் தெரியும். மாட்டுக்காரர் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார், அவர் சொல்வதில் பிழையும் இல்லை. அரிசித் தவிட்டில் கல்சியத்தைவிடப் பொசுபரசு பத்து மடங்குக்கும் மேல். சீஓ-3 நேப்பியர் இனப் புல். அதில் ஒட்சலேற்று என்ற பொருள் இருப்பதால், புல்லில் இருக்கிற கல்சியத்தையும் குடல் எடுக்கவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். வாயால் போவது குறைவு, போனதும் சேராது. அப்போது உடம்பு என்ன செய்யும்? எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கும். மாதக்கணக்கில் இப்படி எடுத்தால் முக எலும்பு வீங்கும், இன்றைக்கு ஒரு கால் நாளைக்கு ஒரு கால் என்று நொண்டும், எட்டு வைப்பது குறுகும். பழைய காலத்தில் மாவரைக்கும் ஆலைக்காரரின் குதிரைகளுக்கு அதிகம் வந்த வியாதி இது. ஆலையில் தவிடு சும்மா கிடைத்ததால். நம் பக்கமும் ஆலைக்குப் பஞ்சமில்லை, அறுவடை முடிந்தால் தவிடு மலிவு. செம்பனின் இரண்டு கன்னத்தையும் கண்ணுக்குக் கீழே விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, மேடு தட்டாமல் இருக்கிறதா? படலையில் நிற்பது பிடிவாதமா வலியா என்ற கேள்வியை நான் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

அதற்காகத் தீனியை ஒரே நாளில் தலைகீழாக மாற்றிவிடாதீர்கள். குழையை மட்டும் உடனே நிறுத்தலாம், மற்றவற்றை இரண்டு கிழமையில் மெல்ல மெல்ல மாற்ற வேண்டும். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுக்குள் கோளாறு வந்தால் வெளியே தள்ள வழியில்லை. தவிட்டைப் படிப்படியாகக் குறையுங்கள். சீஓ-3 இல் ஒரு பங்கைக் குறைத்து அருகம்புல், வரம்புப் புல் சேருங்கள். அருகம்புல் பிள்ளையாருக்கு மட்டும் உகந்ததல்ல, குதிரைக்கும் மிக நல்ல புல். சுண்ணாம்புக்கல் தூள் எவ்வளவு சேர்ப்பது என்பதை வைத்தியர் அவனைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். இன்னொன்று: மாட்டுத் தீனியோ கோழித் தீனியோ பையில் மிச்சம் இருக்கிறது என்று ஒருபோதும் போடவேண்டாம். சிலவற்றில் மொனென்சின் போன்ற மருந்து கலந்திருக்கும். கோழிக்கு நல்லது செய்கிற அந்த அளவு குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். ஒரு வீட்டில் நான் போய்ச் சேர்வதற்குள் குதிரை விழுந்துவிட்டது. தீனிப் பையின் சீட்டை வாசித்துக் காட்டுவதைத் தவிர அங்கே எனக்கு வேலை இருக்கவில்லை.

இப்போது உங்களுக்குப் பிடித்த கணக்கு. நெஞ்சுச் சுற்றளவை இரண்டு தரம் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் பிரியுங்கள். 160 × 160 × 148 ÷ 11,880. ஏறக்குறைய 319 கிலோ வரும். அதில் நூற்றுக்கு 2, அதாவது 6.4 கிலோ, ஒரு நாளுக்கு உலர்ந்த தீனியாக வேண்டும். பச்சைப் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். அப்படியென்றால் 30 கிலோவுக்கும் மேலான பச்சைப் புல். நீங்கள் காலையும் மாலையும் போடுகிற கட்டைத் தராசில் வைத்துப் பாருங்கள், பாதியாவது வருகிறதா என்று. குதிரை மாட்டைப்போல ஒரேயடியாகத் தின்றுவிட்டுப் படுத்து அசைபோடுகிற பிராணி அல்ல. நாளில் 16 மணி நேரம் வரை கொறித்துக்கொண்டே இருக்கும். வயிறு சிறியது, அமிலம் மட்டும் ஓயாமல் சுரக்கும். காலை ஏழு மணிக்கு நீங்கள் பாடசாலை போய், மூன்று மணிக்கு வந்து சேணத்தைக் கட்டும் வரை அவன் வெறும் வயிற்றோடுதான் நிற்கிறான் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில்தான் நீங்கள் கென்டர் கேட்கிறீர்கள். நானென்றால் நானும் படலையைத் தாண்டமாட்டேன்.

மணலில் தீனி போடுவதையும் விட்டுவிடுங்கள். கடல் பக்கத்து எழுவான்கரை முழுக்க மணல். புல்லோடு மணலும் போய்க் குடலின் அடியில் படிந்து, பாரம் கூடி, ஒரு நாள் கடும் வயிற்றுவலியாக வெடிக்கும். எளிய சோதனை ஒன்று இருக்கிறது. தரையில் படாத நடுச்சாணத்தில் ஐந்தாறு உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, கால் மணி நேரம் விட்டு மெல்ல ஊற்றி, அடியில் கையை வைத்துப் பாருங்கள். ஒரு தேக்கரண்டிக்கு மேல் மணல் தங்கினால் தாமதிக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். மருந்துக் கடையில் விற்கிற இசப்கோல் உமியைத்தான் அநேகமாகத் தரச் சொல்வார், அளவு அவர் சொல்வதுதான். தீனியை பழைய லொறி டயர் ஒன்றுக்குள் ரப்பர் விரிப்பை வைத்து அதில் போடுங்கள். செலவு குறைவு.

வியர்வை விஷயம்தான் எனக்குப் பயம். மலைநாட்டுக் குளிரிலிருந்து நம்முடைய புழுக்கத்துக்கு வந்த குதிரைகளில் சில, சில மாதங்களில் வியர்ப்பதையே குறைத்துவிடும், அல்லது நிறுத்திவிடும். குதிரைக்கு உடம்புச் சூட்டை இறக்குகிற பெரிய வழியே வியர்வைதான். அது அடைபட்டால் சூடு உள்ளேயே நிற்கும். "ஓடினால் மூச்சு வாங்குகிறது, வியர்க்கவில்லை" என்று நீங்கள் ஒரே வரியில் எழுதியிருப்பது உடல் பலவீனம் அல்ல, சோம்பலும் அல்ல. கச்சான் காற்று அடிக்கிற இந்த நாட்களில், பின்னேரம் மூன்று மணிக்கு அவனில் ஏறுவதை இந்தக் கடிதம் கிடைத்த அன்றே நிறுத்துங்கள். நேரம் விடியப்புறம் ஐந்தேகால். தரை ஆறியிருக்கும், முதுகில் வெயில் இருக்காது. குதிரைக்கு என்று ஒரு வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள். சும்மா நிற்கும்போது 37.2 முதல் 38.3 பாகை செல்சியஸ் இருக்கலாம், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. நாடியைத் தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்து 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்குங்கள். சவாரி முடிந்து பத்து நிமிடத்தில் துடிப்பு 60க்குக் கீழே இறங்கவில்லை என்றால் அன்றைய வேலை அவனுக்குக் கூடிவிட்டது. சூடேறிவிட்டால் நிழலில் நிறுத்தி, உடம்பு முழுக்கக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். சூடாக இருக்கிற குதிரையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக்கூடாது என்று யாராவது மூத்தவர் தடுப்பார், காதில் போடாதீர்கள். குடிக்கவும் நிறையக் கொடுங்கள், இந்தக் காலத்தில் ஒரு நாளுக்கு 30, 40 லீற்றர் கூடக் குடிப்பான். கடலோரக் கிணறு என்பதால் தண்ணீர் உவர்ப்பா என்று நீங்களே ஒரு வாய் குடித்துப் பாருங்கள். உவர்த்தால் அவன் குறைத்துத்தான் குடிப்பான்.

"நெடுந்தீவில் குதிரைகள் யாரும் பார்க்காமலே வாழவில்லையா" என்று கேட்கிறவர்களும் உண்டு. வாழ்கின்றனதான். வறட்சியில் தண்ணீர் இல்லாமல் அங்கே குதிரைகள் செத்த செய்தியும் பத்திரிகையில் வந்ததுதான்.

பக்கத்தில் மாட்டுப் பட்டி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இதையும் கேளுங்கள். மாட்டின் வயிற்றறையில் வாழ்கிற ஒரு நூல் புழு மாட்டுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. நுளம்பு வழியாகக் குதிரைக்கோ ஆட்டுக்கோ போனால் தடம் மாறி முள்ளந்தண்டு நரம்புக்குள் நுழைந்துவிடும். பின்கால் தள்ளாடும், குளம்பு தரையில் இழுபடும். அப்படிக் கண்டால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடவேண்டாம், அன்றைக்கே வைத்தியம் வேண்டும். ஏற்புவலித் தடுப்பூசி போட்டதா என்றும் பாருங்கள். முள்ளுக்கம்பி கீறினால் அதைத் தாங்காத பிராணிகளில் குதிரைதான் முதல்.

சரி, படலைக்கு வருவோம். வலியும் பசியும் வெப்பமும் இல்லை என்றான பிறகும் அவன் நின்றால், காரணம் தனிமையாக இருக்கலாம். குதிரை கூட்டத்தில் பிறந்து கூட்டத்தில் நிற்கிற பிராணி. தனியாகக் கட்டப்பட்ட குதிரை ஆழ்ந்து உறங்கவும் பயப்படும். இரண்டாவது குதிரை வாங்கச் சொல்லவில்லை, உங்கள் சம்பளம் எனக்குத் தெரியும். ஒரு வெள்ளாடு போதும். நுவரெலியாவில் யாரையும் கிட்ட விடாத ஒரு பந்தயக் குதிரை, தன் ஆடு பக்கத்தில் நின்றால் மட்டும் ஊசி போட விட்டது. நானே ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தென்னையில் கயிறு கட்டுவதை விட்டு, வளவில் ஒரு மூலையைக் கம்பும் பலகையுமாக அடைத்து உள்ளே அவிழ்த்து விடுங்கள்.

அப்புறம் சேணம். அது எந்தக் குதிரைக்குச் செய்தது என்று தெரியுமா? முதுகெலும்பின் இரண்டு பக்கத்துத் தசையையும் விரல் நுனியால் மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். முதுகை இறக்கினால், காதைப் பின்னால் மடித்தால் அங்கே வலி. எடைக் கணக்கும் பார்ப்போம். சவாரி செய்பவரும் சேணமுமாகக் குதிரையின் எடையில் நூற்றுக்கு 20க்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான வரம்பு. 319 இல் 20 வீதம் 64 கிலோ. உங்கள் 58உம் சேணத்தின் 6உம் சேர்ந்தால் சரியாக 64. நடக்கலாம், ட்ரொட் (துள்ளு நடை) போகலாம், உடம்பு தேறிய பிறகு கென்டரும் போகலாம். 1 மீற்றர் தாண்டுதல் இந்தக் குதிரையோடு வேண்டாம். அந்த இலக்கை அடித்துவிடுங்கள் மகள். எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயிற்சியால் மாறக்கூடிய கணக்கு அல்ல இது.

மற்ற இரண்டும் இருக்கட்டும், காலத்தையும் பாலத்தின் தூரத்தையும் மட்டும் மாற்றுவோம். உங்கள் கொப்பியில் வருடத்துக்கு 12 மாதம் இருக்கிறது. மட்டக்களப்பில் குதிரைக்கு அவ்வளவு கிடையாது. கார்த்திகையிலிருந்து தை வரை மாரி. ஈரத்தில் நின்றால் குளம்பின் அடி அழுகி மணக்கும். அந்த மாதங்களில் உயரமான இடத்தில் கட்டி, தினம் குளம்பைத் தோண்டித் துடைப்பதே பெரிய வேலை. குளம்பை 6 முதல் 8 கிழமைக்கு ஒருமுறை வெட்டவும் வேண்டும். மாட்டுக்கு லாடன் அடிக்கிறவரிடம் அதைக் கொடுக்காதீர்கள்.

வைத்தியர் பார்த்துச் சரி என்ற பிறகு, முதல் ஆறு கிழமை நடை மட்டும். 20 நிமிடத்தில் தொடங்கி முக்கால் மணி நேரம் வரை. உங்களுக்குச் சலிக்கும். ஆனால் இதயமும் தசையும் சில கிழமையில் பழகிவிடும்; தசைநார் மாதக்கணக்கில், எலும்பு அதைவிடவும் மெதுவாகத்தான் இறுகும். ஓடக்கூடியவன் போலத் தெரிகிற குதிரை நொண்டிப்போவது அந்த இடைவெளியில்தான். படலைப் பிடிவாதத்தை ஏறாமல் தீருங்கள். கயிற்றில் பிடித்துப் படலைக்கு வெளியே பத்து எட்டு. அவன் மறுக்க நினைப்பதற்கு முன் நீங்களே கிறுகி வந்துவிடுங்கள். நாளைக்குப் பதினைந்து. அவன் ஓர் எட்டு முன்னால் வைத்த அந்தக் கணத்திலேயே உங்கள் கை தளர வேண்டும். அரை நிமிடம் பிந்தித் தளர்ந்தால் எதற்குத் தளர்ந்தது என்று அவனுக்கு விளங்காது. பிள்ளைகளின் கொப்பியை ஒரு மாதம் கழித்துத் திருத்திக் கொடுப்பது மாதிரித்தான் அது.

கடற்கரையில் அலை நனைத்து இறுகிய மணலில் நடக்க விடுங்கள், மேலே பொருபொரு என்று கிடக்கும் மணலில் வேண்டாம், தசைநாரை இழுத்துவிடும். விடியப்புறம் கரைவலை இழுக்கிற நேரம். கயிறு மணலோடு மணலாகக் கிடக்கும், குதிரையின் காலுக்குத் தெரியாது. வலைக்காரச் சம்மாட்டியிடம் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள், அந்தப் பக்கம் இறங்கி நடத்திப் போங்கள். வந்ததும் உப்பைக் கழுவுங்கள். மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் வேண்டாம், குதிரைச் சவாரிக்கென்று செய்ததை வாங்குங்கள். அங்கவடிக்குள் பாதம் முழுவதும் நுழையாதபடி குதி வைத்த சப்பாத்து. தொலைபேசி சேணத்துப் பையில் அல்ல, உங்கள் உடம்பில். விழுந்தால் சேணம் குதிரையோடு போய்விடும்.

கல்லடிப் பாலம் இருபது கிலோமீற்றருக்கு மேல். போனால் திரும்பியும் வரவேண்டும், கொப்பியில் போவது மட்டும்தான் இருக்கிறது. அதற்குப் பதிலாக மாரி முடிந்து பங்குனியில், குருமண்வெளித் துறை வரை போய், வாவியைக் கடக்கிற மிதவையான 'பாதை'யில் ஆட்கள் ஏறி மண்டூருக்குப் போவதைப் பார்த்துவிட்டு வாருங்கள். அவனை அந்தப் 'பாதை'யில் ஏற்றும் யோசனை மட்டும் வேண்டாம்.

பயிற்சியாளர் கிடைத்தால் நல்லது, மாதத்துக்கு ஒரு நாள் பார்த்தாலும் போதும். அவர் உங்கள் இருக்கையைத் திருத்துவார், தீனியைத் திருத்தமாட்டார். விற்பது பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். ஐந்து மாதமாக நீங்கள் எழுதியதெல்லாம் அவன் முதுகில் இருந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி. மற்ற 23 மணி நேரத்தை மூன்று மாதம் சரியாகப் பார்த்த பிறகும் விற்கத் தோன்றினால் எனக்கு எழுதுங்கள்.

ஊர் கேட்கிற கேள்விக்கு என்னிடம் மருந்து இல்லை. என் மகள் முதன்முதலில் மோட்டார் சைக்கிள் ஓடியபோதும் இதையேதான் கேட்டார்கள், இப்போது கேட்டவர்களே பின்னால் ஏறிப் போகிறார்கள்.

கொப்பியில் ஒரு புதுப் பக்கம் எடுங்கள். முதல் வரியில் இபில் இபில் நிறுத்திய திகதி. அடுத்து வாளியில் தங்கிய மணல் எத்தனை தேக்கரண்டி, விடிய நாடித்துடிப்பு எத்தனை, கன்ன எலும்பு எப்படி இருக்கிறது. பிடரியில் குத்துமயிர் முளைக்கத் தொடங்கிய அன்று அந்தத் திகதியையும் எழுதி, பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.